மல்லியா, முல்லையா, பிச்சியா, நித்தியமல்லியா: உங்கள் வீட்டுக்கு எது?

நர்சரிக்குப் போய் "ஒரு மல்லிப்பூச் செடி கொடுங்க" என்று கேட்டால், அன்றைக்கு எது விற்காமல் தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் கைக்கு வரும். நான் அப்படித்தான் ஏமாந்தேன். ஜாதிமல்லி என்று சொல்லி ஒரு கொடியைக் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் தண்ணீர் ஊற்றி, கம்பி கட்டி ஏற்றிவிட்ட பிறகு பூத்ததைப் பார்த்தால், நித்தியமல்லி. செடி மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றைக்கும் என் வாசல் கம்பியில் அதுதான் படர்ந்திருக்கிறது, தினமும் சாமி படத்துக்கு அதுதான் போகிறது. ஆனால் ஜாதிமல்லிக்கு என்று ஒதுக்கிய இடம் போனது போனதுதான்.

"வீட்டில் மல்லி வைக்க ஆசை, எது வைக்கலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனசுக்குள் குண்டுமல்லி என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து அவர்களே வந்து, "செடி நல்லாத்தான் இருக்கு, பூக்கத்தான் மாட்டேங்குது" என்பார்கள். உரம் போட்டீர்களா, மண் மாற்றினீர்களா என்றெல்லாம் நாம் விசாரிப்போம். கடைசியில் பார்த்தால், தொட்டி இருப்பது வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு பால்கனி.

இங்கே நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: குண்டுமல்லி, முல்லை, பிச்சி என்கிற ஜாதிமல்லி, நித்தியமல்லி. வாசத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். ஆனால் வெயிலும், நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமும் ஒத்துவராவிட்டால் அந்த வாசம் உங்களுக்கு வரப்போவதே இல்லை.

## செடிக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள்

வெயில் எத்தனை மணி நேரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்கு அந்த இடத்தில் நேரடி வெயில் விழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வேறு, வெயில் வேறு. இன்னொன்று, எந்த மாதத்தில் குறித்தீர்கள் என்பதும் முக்கியம். தெற்குப் பார்த்த பால்கனி வைத்திருப்பவர்கள் பலர் டிசம்பரில் பார்த்துவிட்டு "நாள் முழுக்க வெயில்" என்று சந்தோஷப்படுவார்கள். சென்னை அட்சரேகையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை சூரியன் நாள் முழுக்க வடக்குப் பக்கமாகவே நகர்கிறது. அந்த மாதங்களில் தெற்குச் சுவரில் நேரடி வெயில் விழாது, வடக்கு பால்கனியில்தான் விழும். மதுரை, நாகர்கோவில் பக்கம் இது இன்னும் நீளம். குண்டுமல்லியின் பருவத்தில் பாதி இதற்குள் வந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். மொட்டை மாடிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மொக்கு முற்றும் நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? மல்லி இனத்தில் பெரும்பாலானவை பொழுது சாய்ந்த பிறகு விரிபவை. தொடுக்க வேண்டும் என்றால் அன்று காலையிலேயே மொக்காகப் பறித்தாக வேண்டும்.

எந்த மாதம் பூ வேண்டும்? வருஷம் முழுக்கவா, கோடையில் கொத்துக் கொத்தாகவா?

ஏற இடம் இருக்கிறதா? தொட்டி மட்டுமா, கொஞ்சம் மண் தரை உண்டா, கம்பியோ பந்தலோ கட்ட முடியுமா?

பூ எதற்கு? தலைக்கு, சாமிக்கு, அல்லது ராத்திரி ஜன்னலைத் திறந்தால் வாசம் வந்தால் போதும் என்பதற்கு. இந்த மூன்றுக்கும் விடை வேறு வேறு.

## குண்டுமல்லி

மதுரை மல்லி என்று பேர் வாங்கிய பூ இதுதான். 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நாற்று ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிலிப்பைன்ஸின் தேசிய மலரும் இதே இனம்தான்.

தடித்த இதழ், கனமான வாசம், காலையில் பறித்தாலும் ராத்திரி வரை தாங்கும். புதிதாகத் தொடுக்கப் பழகுகிறவர்களுக்கும் மொக்கு கைக்கு அடங்கும். செடி புதராகவே வளர்வதால் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் ஆரம்பிக்கலாம், பதினைந்து அங்குலம் என்றால் இன்னும் நல்லது.

ஆனால் ஆறு மணி நேர நேரடி வெயில் என்பதில் இது பேரம் பேசாது. குறைந்தால் இலை பளபளவென்று தழைக்கும், கிளை நீளும், மொக்கு வராது.

அடுத்தது கவாத்து. பூ வருவது புதுத் தளிரின் நுனியில், பெரும்பாலும் மும்மூன்று மொக்காக. புதுத் தளிர் வர வேண்டுமானால் பழைய கிளையை வெட்ட வேண்டும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிடுவதுதான் தோட்டக்காரர்களின் முறை. அதற்குமுன் சில நாள் தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயப் போடுவார்கள். மாடித் தோட்டத்தில் நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேருக்குக் கத்தரியை எடுக்கவே மனசு வராது. "பச்சையா இருக்கே, பாவம்" என்பார்கள். அந்தப் பாவத்துக்குத்தான் சித்திரையில் பூ இல்லாமல் போகிறது. தொட்டிச் செடியில் ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும் நுனியில் இரண்டு கணு கிள்ளிவிட்டால் அடுத்த சுற்று சீக்கிரம் வரும்.

உச்சம் மார்ச் முதல் ஜூன் வரை. அப்புறம் குறைந்துகொண்டே போய், மார்கழி, தையில் ஒன்றுமே இருக்காது. அந்த மாதங்களில் கடையில் மல்லி விலை ஏறுவதும் இதனால்தான். என் இரண்டு தொட்டிகள் சித்திரையில் ஒரு முழத்துக்குக் கொடுக்கும். ஆவணியில் எண்ணினால் நாலு பூ.

பூச்சியில் பெரிய எதிரி மொக்குப்புழு. மொக்கு ஊதா நிறமாகி, ஓட்டை விழுந்து, பக்கத்து மொக்கோடு நூல் கட்டியது போல ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டதைப் பறித்துச் செடியடியில் போடாமல், வெளியே தூக்கிப் போட வேண்டும். வேப்பெண்ணெயைத் துளி சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் ஓரளவு கட்டுப்படும். தலையில் வைக்கிற பூ என்பதால் அதைத் தாண்டி ரசாயனத்துக்கு நான் போவதில்லை. அதனால் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மொக்கை இழக்கிறேன், பரவாயில்லை.

## முல்லை

பாரி தேரைக் கொடுத்தது இந்தக் கொடிக்குத்தான் என்று படித்திருப்போம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரு ரகத்தின் பேரே பாரிமுல்லை. முல்லைத் திணைக்குப் பொழுது மாலை, பருவம் கார். செடி வைத்துப் பார்த்தால் அது வெறும் இலக்கண விதியாகத் தெரியாது. குண்டுமல்லி களைத்துப்போகும் ஆவணி, புரட்டாசியிலும் இது மாலை ஆனால் விரிந்து நிற்கும்.

சின்ன மொக்கு, மெல்லிய வாசம், தொடுத்தால் நெருக்கமாக அழகாக இருக்கும். ஆனால் தொடுக்கத் தெரிந்த விரல் வேண்டும். குண்டுமல்லி பத்து வைக்கும் இடத்தில் இது இருபது கேட்கும். பறிப்பதும் அப்படித்தான். காலையில் அரை மணி நேரம் குனிந்து நிற்க முடியாதவர்களுக்கு முல்லை சரிவராது. என் அம்மா பேரப்பிள்ளைகளைப் பறிக்க விடுவார், பாதி மொக்கு தரையில் கிடக்கும்.

கொடி என்பதால் பந்தல் இல்லாமல் முடியாது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சத்தியமங்கலம் பக்கம் வயலில் இதை வருஷா வருஷம் ஜனவரி கடைசியில் 45 சென்டிமீட்டருக்கு வெட்டிப் புதராகவேதான் வைத்திருக்கிறார்கள். வீட்டிலும் அப்படிச் செய்யலாம். தொட்டி மட்டும் பெரியதாக வேண்டும். முல்லைக்கு என்றே வரும் ஒரு சிலந்திப்பேன், இலையிலும் மொக்கிலும் வெள்ளைக் கம்பளியை ஒட்டியது போல ஆக்கிவிடும். பாரிமுல்லை அதைத் தாங்கும் ரகம் என்பதால், கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

## பிச்சி என்கிற ஜாதிமல்லி

நாகர்கோவில் சித்தி வீட்டில் இதற்கு ஜாதிமல்லி என்று சொன்னால் சிரிப்பார்கள். அங்கே பிச்சிதான். தோவாளைச் சந்தையிலும் அதே பேர். மொக்கின் வெளிப்புறத்தில் லேசாக ரோஜா நிறம் ஓடியிருக்கும், உள்ளே சுத்த வெள்ளை.

வாசத்தில் என் ஓட்டு இதற்குத்தான். குண்டுமல்லியின் கனம் இல்லை. அதற்குப் பதில் தூரத்திலிருந்தே தெரியும் ஒரு இனிப்பு. வாசனைத் திரவியத்துக்காக விடியலில் விரிந்த பூவாகவும், தொடுக்க மொக்காகவும் இதைப் பறிப்பார்கள். காம்பு நீளம் என்பதால் தொடுப்பது சுலபம், ஆனால் இதழ் மெலிசு. கொஞ்ச நேரத்தில் வாடிவிடும். காலையில் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் மத்தியானம் கண்ணாடி பார்த்தால் மனசு கஷ்டப்படும். சாயங்காலம் வைத்து ராத்திரி எடுத்துவிடுகிறவர்களுக்கான பூ இது.

கிளை நீண்டு வளைந்து தொங்கும். பெரிய தொட்டி அல்லது தரை, அல்லது மாடிக் கைப்பிடிச் சுவர் மேலிருந்து கீழே வழிய விடலாம், பார்க்க அம்சமாக இருக்கும். டிசம்பர் கடைசியில் 50 சென்டிமீட்டருக்குக் கவாத்து செய்தால் ஜூலையில் சூடு பிடித்து நவம்பர் வரை பூக்கும். அதாவது குண்டுமல்லி கைவிடும் மாதங்களில் இது வரும். தொல்லை என்னவென்றால் அதே மாதங்கள்தான் மழையும். அடைமழையில் மொக்கு அழுகும், இலையில் கருகல் புள்ளி விழும். செடி நெருக்கமாக இல்லாமல், காற்று உள்ளே புகுந்து வரும்படி வெட்டி வைத்தால் பாதிப்பு குறையும்.

## நித்தியமல்லி

பேரிலேயே விஷயம் இருக்கிறது. வருஷம் முழுக்கப் பூக்கும், ஆனால் ஒருநாளும் கொட்டாது. தினமும் ஒரு கைப்பிடி. வாசம் உண்டு, பக்கத்தில் போனால் தெரியும். வீடு மணக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதன் பெருமை பொறுமைதான். மூன்று, நான்கு மணி நேர வெயில் கிடைத்தாலே பூக்கிறது. காலை வெயில் மட்டும் படும் கிழக்கு பால்கனி, எதிர்வீட்டு நிழல் பாதி நாள் விழும் வாசல் இதற்குப் போதும். பூச்சித் தொல்லையும் எனக்குப் பெரிதாக வந்ததில்லை. கவாத்துக்கு மாதம் பார்க்க வேண்டியதில்லை, நீண்டதை வெட்டிவிட்டால் சரி. ஆனால் இது நிஜமான கொடி, ஏற எதாவது கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் பக்கத்துத் தொட்டியில் ஏறிவிடும். என் வீட்டில் துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அடர்த்தியான சரம் கட்ட இந்தப் பூ போதாது. சாமிக்கு உதிரியாக, கதம்பத்தில் நடுநடுவே என்றால் நன்றாக இருக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | குண்டுமல்லி | முல்லை | பிச்சி | நித்தியமல்லி |
|---|---|---|---|---|
| நேரடி வெயில் | 6 மணி நேரத்துக்குக் குறையாமல் | 5–6 மணி நேரம் | 5–6 மணி நேரம் | 3–4 மணி நேரம் போதும் |
| பூ அதிகம் வரும் மாதம் | மார்ச்–ஜூன் | ஏப்ரல்–செப்டம்பர் | ஜூலை–நவம்பர் | ஆண்டு முழுக்க, கொஞ்சமாக |
| கவாத்து | நவம்பர் கடைசி | ஜனவரி கடைசி | டிசம்பர் கடைசி | வேண்டும்போது |
| தொட்டி | மிகப் பொருத்தம் | பெரிய தொட்டி | பெரிய தொட்டி அல்லது தரை | தொட்டி, கூடவே கம்பி |
| வாசம் | கனம் | மென்மை | தூரத்திலேயே தெரியும் | லேசு |
| தொடுத்த பின் தாங்குவது | நாள் முழுக்க | ஓரளவு | சீக்கிரம் வாடும் | ஓரளவு |
| தலைவலி | மொக்குப்புழு | பறிக்கும் நேரம் | மழைக்கால அழுகல் | கண்ட இடத்தில் ஏறுவது |

## நாற்று விலையோடு முடியாத செலவுகள்

நாற்று மலிவு. அதற்கப்புறம் வருவதுதான் செலவு. முதலில் தொட்டியும் மண்ணும். பதினைந்து அங்குலத் தொட்டியில் ஈர மண் நிரம்பினால் ஒரு ஆள் தனியாக நகர்த்த முடியாது. பழைய வீட்டு மாடியில் பத்துத் தொட்டி வைப்பதற்குமுன் சுவர் ஓரமாக, கீழே தூண் வரும் இடமாகப் பார்த்து வையுங்கள். தென்னை நார்க்கழிவு கலந்தால் எடை குறையும், ஆனால் அது சீக்கிரம் காயும். அக்னி நட்சத்திரத்தில் மாடித் தொட்டிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போவதும் அதே சமயம்தான், குண்டுமல்லி உச்சத்தில் இருப்பதும் அதே சமயம்தான். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, "பூவை நீங்களே பறிச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுவேன். தண்ணீர் ஊற்ற இதைவிட நல்ல கூலி கிடையாது.

அடுத்தது போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பலர் இதைச் சத்துக் குறைவு என்று யூரியாவைப் போடுவார்கள். குறைவது இரும்பு. அன்னபேதி உப்பை லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து இலையில் தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்ற முடிந்தால் அதற்கு ஈடில்லை. நான்கில் எதை வைத்தாலும் இது வரலாம், குண்டுமல்லியில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கொடி வகைகளுக்குப் பந்தல் செலவு தனி. இரும்புக் குழாய் துருப்பிடிக்கும், வெயிலில் சுட்டுத் தளிர் கருகும். சவுக்குக் கம்பு மலிவு, கொஞ்ச காலத்தில் மாற்ற வேண்டிவரும். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினால் செடி நன்றாக வரும். மூன்று நாள் நாற்றத்துக்கு அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் தயாராக இருக்க வேண்டும்.

பாம்பு வரும் என்ற பயம் இருக்கிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். மல்லி வாசத்துக்குப் பாம்பு வராது. தரையில் அடர்ந்த புதரும் அடியில் குப்பையும் ஈரமும் இருந்தால் தவளையும் எலியும் வரும், அவற்றைத் தேடிப் பாம்பு வரலாம். அடிக்கிளையை ஒரு அடி உயரத்துக்கு ஒழித்துச் சுத்தமாக வைத்தால் போதும்.

## யாருக்கு எது

மொட்டை மாடி இருக்கிறது, காலையில் பத்து நிமிஷம் உண்டு, தலைக்குப் பூ வேண்டும்: யோசிக்காமல் குண்டுமல்லி. அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கும் இதுதான், லாரியில் ஏற்றிக் கொண்டுபோகலாம். காலையில் பறிக்க முடியாமல் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறவர்களும் தாராளமாக வைக்கலாம், செடியிலேயே விரிந்து ஜன்னலோரம் மணக்கும். அவர்களிடம் கொஞ்சம் தரை இருந்தால் நான் பிச்சியைச் சொல்வேன்.

பால்கனி மட்டும், அதுவும் அரை நாள் வெயில் என்றால் நித்தியமல்லி. இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும், இரண்டாம் தரம் கொடுத்தது போல. பூக்காத குண்டுமல்லியை மூன்று வருஷம் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, தினமும் பத்துப் பூ எவ்வளவோ மேல்.

முல்லை, வீட்டில் தொடுக்கத் தெரிந்த ஒருவரும் நேரமும் இருந்தால் மட்டும்.

இரண்டு வைக்கலாம் என்றால் குண்டுமல்லியும் பிச்சியும். ஒன்று ஓயும்போது மற்றது தொடங்கும். மார்கழிக்கும் பூ வேண்டும் என்பவர்கள் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.1 நட்சத்திர மல்லியை விசாரித்துப் பாருங்கள், பனிக்காலத்திலும் பூக்கும் ரகம் அது. காக்கடா என்கிற இன்னொரு மல்லி வகையை நான் சேர்க்கவில்லை. பூ வரும், வாசம் தேட வேண்டியிருக்கும்.

## கடையில் இலையைப் பாருங்கள்

நட நல்ல காலம் ஜூன் முதல் நவம்பர் வரை, கோடையில் வாங்கினால் பாதி செத்துப்போகும். பூ இல்லாத நாற்றில் பேரை நம்ப வேண்டாம், இலை சொல்லிவிடும். கணுவில் எதிரெதிராகத் தனித்தனி இலை, அகலமாகத் தடிப்பாக இருந்தால் குண்டுமல்லி. ஒரு இலையின் அடியில் இரண்டு பக்கமும் காது போலக் குட்டி இலைகள் ஒட்டியிருந்தால் முல்லை. அதன் தாவரவியல் பேரான ஆரிகுலேட்டம் என்பதற்கும் காதுள்ளது என்றுதான் பொருள். ஒரே காம்பில் வேப்பிலை மாதிரி இரண்டு பக்கமும் சிற்றிலைகள், நுனியில் ஒன்று, மொத்தம் ஏழோ ஒன்பதோ இருந்தால் பிச்சி. இந்த ஏழு இலைக் கணக்கு அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால், என் துணிக் கயிறு எனக்கே மிஞ்சியிருக்கும்.